ஐந்து மணிக்குக் கிரவுண்டு யாருக்கு?

பொங்கல் கபடிப் போட்டி முடிந்து கணக்குப் பார்த்தபோது செலவு போக 62 ஆயிரம் ரூபாய் மிச்சம் இருந்தது. எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு இது புது அனுபவம். வழக்கமாகப் பந்தல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் பாக்கி வைத்துவிட்டு, மாசி வரைக்கும் அவர்கள் கண்ணில் படாமல் திரிவோம். இந்த முறை கையில் பணம் இருக்கிறதே, என்ன செய்யலாம் என்று கூட்டம் போட்டோம். கபடிக்கு விரிக்கும் மேட் வாங்கலாம் என்றார் ஒருவர். புது ஜெர்சி என்றார் இன்னொருவர். மகனைக் கூட்டிப்போக வந்த அம்மா ஒருவர் வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "ஏன் தம்பி, இவன் அக்காவும் நல்லாத்தான் ஓடுறா. அவ வெளையாடணும்னா எங்க வரணும்?" என்றார்.

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கழகம் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கேள்விக்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை.

அப்புறம் இரண்டு மாதம், பெண் பிள்ளைகளை ஆட்டத்துக்குக் கொண்டுவர நாலு வழிகளை எடைபோட்டோம். அதில் மூன்றை ஆடியே பார்த்தோம். எங்களைப் போலக் கொஞ்சப் பணமும் ஒரே ஒரு கிரவுண்டும் வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருக்கும் கழகங்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் வாரம் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. எதைத் தொடங்கினாலும் முதல் வாரம் கூட்டம் வரத்தான் செய்யும். ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதுதான் எங்கள் கவலை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளின் ஓட்டம் இரண்டு இடத்தில் நிற்கிறது: வயதுக்கு வரும்போது, பத்தாம் வகுப்புப் பரீட்சையின்போது. அதைத் தாண்டி ஒருத்தி தேறிவிட்டால் மேலே போக அவளுக்குப் பாதை இருக்கிறதா என்பதையும் பார்த்தோம்.

இருக்கிற பயிற்சியிலேயே சேர்த்துக்கொள்வது

செலவே இல்லாத வழி என்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் சொன்னார்கள். "யாரு வேண்டாம்னா? வரட்டும், ஆடட்டும்." சரி, வாலிபாலில் தொடங்கினோம். எட்டுப் பேர் வந்தார்கள்.

வாலிபாலில் ஆண்கள் நெட்டின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. வித்தியாசம் 19 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. எங்கள் கம்பத்தில் கொக்கி ஒரே உயரத்தில்தான் வெல்டு வைத்திருக்கிறது, 2.43இல். நெட்டைக் கொஞ்சம் இறக்கிக் கட்டச் சொன்னால், "இறக்கிட்டு மறுபடி ஏத்தணுமா?" என்று சலித்துக்கொண்டார்கள். இரண்டு நிமிட வேலை அது. நெட்டுக்கு மேலே கை போகாதவள் ஸ்மாஷ் அடிக்க முடியாது, பிளாக் போட முடியாது. அப்புறம் என்ன செய்வாள்? கருவைக்குள் போன பந்தை எடுத்துவந்து கொடுப்பாள். மூன்று நாள் அதைச் செய்தார்கள். நாலாவது நாள் வந்தது இரண்டு பேர்.

வருகைப் பதிவேட்டில் மட்டும் எட்டுப் பெயரும் அப்படியே இருக்கின்றன. யாராவது வந்து கேட்டால் "எங்கள் கழகத்தில் பெண்களும் இருக்கிறார்கள்" என்று காட்டலாம். இந்த வழியில் எனக்குப் பிடிக்காததே இதுதான். கதவைத் திறந்து வைத்துவிட்டோம், வராதது அவர்கள் குற்றம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கிறது.

பன்னிரண்டு வயதுக்குள் என்றால் கதை வேறு. அந்த வயதில் எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் பையன்களை ஓடியே தோற்கடிக்கிறார்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு காலத்தில் 11 வயதோடு கலப்பு ஆட்டத்தை நிறுத்தி வைத்திருந்தது. படிப்படியாக ஏற்றி, பிறகு 18 வயதுப் பிரிவு வரை கொண்டுவந்தது. ஆனால் அங்கே பெண்ணுக்குத் தனி அணியும் உண்டு, கலப்பு அணியும் உண்டு, இரண்டில் எது வேண்டுமோ அதில் அவள் சேரலாம். எங்கள் ஊரில் வேறு வாசல் இல்லாமல் ஒரே வாசலைக் காட்டுவது அதற்கு ஈடாகாது. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

பெண்களுக்குத் தனிக் கபடி அணி

மண் இருக்கிறது. ஆட்டம் ஊருக்கே தெரியும். பாட்டிமார்கூட போனஸ் விழுந்ததா இல்லையா என்று சண்டை போடுவார்கள். ஆண்கள் களம் 13க்கு 10 மீட்டர் என்றால் பெண்கள் களம் 12க்கு 8. ஏற்கெனவே கொத்திச் சலித்த மண்ணுக்குள்ளேயே இன்னொரு சுண்ணாம்புக் கோடு போட்டால் வேலை முடிந்தது. மேட் தேவையே இல்லை என்று சொல்லமாட்டேன். பெரிய போட்டிகள் மேட்டில்தான் நடக்கின்றன, மண்ணில் பழகிய கால் அங்கே தடுமாறும். ஆனால் லட்சத்தைத் தாண்டும் பொருளை முதல் வருடமே வாங்கி, அதைக் காவல் காக்க ஆள் தேடுவதில் அர்த்தமில்லை.

பாதை என்று பார்த்தால் நாலு வழியிலும் கபடிதான் முன்னே நிற்கிறது. 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி முதன்முதலாகச் சேர்ந்தது. அதிலிருந்து, 2018இல் ஜகார்த்தாவில் ஈரானிடம் தோற்ற ஒரு தடவையைத் தவிர, தங்கம் இந்தியாவுக்குத்தான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற பெண்கள் அணியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய பகுதி அது. அவர் படம் பேப்பரில் வந்த பிறகு எங்கள் ஊர் அப்பாக்களிடம் பேசுவது எனக்குக் கொஞ்சம் சுலபமாகிவிட்டது. பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வீடு வீடாகப் போனேன். முதலமைச்சர் கோப்பையில் பெண்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்று சொன்னால் அதுவரை வாசலிலேயே பேசிக்கொண்டிருந்தவர் உள்ளே வந்து உட்காரச் சொல்கிறார்.

டிவிதான் எதிராக நிற்கிறது. புரோ கபடி 2014இல் தொடங்கி இன்றுவரை ஓடுகிறது. அதே லீக் 2016இல் மூன்றே அணிகளை வைத்துப் பெண்களுக்கு ஒரு போட்டி நடத்தியது, அடுத்த வருடம் அது தொடரவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு டிவி முன்னால் உட்காரும் பையனுக்கு, தன்னைப் போல ஒருவன் ரெய்டு போவது தெரிகிறது. அவன் அக்கா பார்ப்பதும் அதே பையன்களைத்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, கூட்டங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கபடி உடம்பைப் பிடிக்கும் ஆட்டம். கணுக்காலைப் பிடிப்பது, தொடையைப் பிடிப்பது, கைகோத்துச் செயின் போட்டு மடக்குவது எல்லாம் பிடித்துக் காட்டித்தான் கற்றுக்கொடுக்க முடியும். எங்கள் மாஸ்டரே முன்வந்து சொல்லிவிட்டார்: "சொல்லிக் குடுக்க நான் இருக்கேன். புடிச்சுக் காட்ட ஒரு பொம்பள ஆளு இல்லாம நான் தொடங்க மாட்டேன்." அவர் மேல் இருந்த மரியாதை அன்றைக்கு இன்னும் கூடியது.

ஆளைத் தேடினோம். எங்கள் ஊருக்கு மருமகளாக வந்த ஒரு அக்கா கல்லூரி அணியில் ஓரத்தில் நின்று பிடிக்கும் கார்னர் ஆடியவர் என்பது அப்போதுதான் தெரியவந்தது. கல்யாணமாகி ஆறு வருடம், நாலு வயதில் மகன். கழகத்தில் ஒருவருக்கும் இது தெரியாது, நாங்கள் கேட்டதும் இல்லை. முதல் நாள் சுடிதாரில் வந்தார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடது கார்னரில் முட்டியை மடக்கி நின்றார். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பாடிக்கொண்டே வந்து போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை நீட்டினாள். கண் இமைக்கும் நேரத்தில் அவள் கணுக்கால் அக்காவின் இரண்டு கைக்குள் இருந்தது. பிள்ளை விழுந்த இடத்திலேயே படுத்துச் சிரித்தாள். "அக்கா, இன்னொரு தடவை" என்றாள். சுண்ணாம்பு வாளிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் மூக்கெல்லாம் வெள்ளையாக எழுந்துவந்து, தன் அம்மா எதற்காக மண்ணில் கிடக்கிறாள் என்று பார்த்தான்.

முன்னாள் வீராங்கனைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் அவர்கள் எம்.ஏ. படித்தது இருக்கும், மாவட்ட அணிக்கு ஆடியது இருக்காது.

ஃபிரிஸ்பீ என்கிற தட்டு

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் பழைய ரெய்டர் ஒருவன் லீவுக்கு வந்தபோது ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கொண்டுவந்தான். பெசன்ட் நகர் கடற்கரையில் கற்றுக்கொண்டானாம். அல்டிமேட் ஃபிரிஸ்பீ என்று பெயர். பெரியவர்கள் ஆளுக்கொரு கேலி செய்தார்கள். இட்லித் தட்டு என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஆட்டத்தின் அமைப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஓர் அணிக்கு ஏழு பேர். கலப்புப் பிரிவில் நாலு ஆண் மூன்று பெண், அல்லது நாலு பெண் மூன்று ஆண். தட்டு கையில் இருப்பவர் ஓடக் கூடாது, பத்து எண்ணுவதற்குள் இன்னொருவருக்கு எறிந்துவிட வேண்டும். எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் யாராவது பிடித்தால் ஒரு புள்ளி. இடிக்கக் கூடாது, பிடித்துத் தள்ளக் கூடாது. நடுவர் கிடையாது. தவறு நடந்தால் ஆடுபவர்களே நிறுத்திப் பேசித் தீர்க்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் நடத்தைக்கு மதிப்பெண் போட வேண்டும்: விதி தெரிந்து ஆடினார்களா, இடித்தார்களா, நியாயமாக நடந்தார்களா என்பது போல ஐந்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் நாலு, மொத்தம் 20. நடுவர் மேல் நாற்காலி பறக்கும் பொங்கல் போட்டிகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது.

செலவு என்று பார்த்தால் 175 கிராம் தட்டு ஒன்று, ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். முழு மைதானம் 100 மீட்டர் நீளம் கேட்கும். எங்களிடம் அவ்வளவு இடம் இல்லை, ஐந்து பேரை வைத்துப் பாதி மைதானத்தில் ஆடினோம்.

இதில் பெரிய லாபம், பழைய திறமை யாருக்கும் கிடையாது. கபடியில் பத்து வருட அனுபவம் உள்ள பையனும் நேற்று வந்த பெண்ணும் தட்டை ஒரே மாதிரி வாய்க்காலில்தான் எறிந்தார்கள். அதனால் சிரிப்பும் சமமாக இருந்தது. ஆனால் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் ஓரமாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். முதல் பத்து நிமிடத்தில் பெண்கள் கைக்குத் தட்டு போனது மூன்றே முறை. ஏழு பேரில் மூன்று பெண் இருந்தே ஆக வேண்டும் என்று விதி சொல்லலாம், அவர்களுக்கு எறிய வேண்டும் என்று எந்த விதியும் சொல்லாது. இடைவேளையில் இதைச் சொன்னேன். "அப்படியாண்ணே? கவனிக்கல" என்றார்கள். உண்மையாகவே கவனிக்கவில்லை. ஒரு பெண் மட்டும், "நான் கவனிச்சேன்" என்றாள். அடுத்த பத்து நிமிடம் நிலைமை மாறியது, அதற்கடுத்த வாரம் பழைய குருடி கதவைத் திறடி. ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தால்தான் இந்த ஆட்டம் கலப்பு ஆட்டமாக இருக்கும் போலிருக்கிறது.

இன்னொரு குறையை மறைக்க முடியாது. எங்கள் மாவட்டத்தில் இதற்கென்று போட்டி எதுவும் இல்லை. எங்களோடு ஆட அடுத்த ஊரில் அணி இல்லை. ஒருத்தி பிரமாதமாக ஆடினாலும் அவளை எங்கே அனுப்புவது? அதுவும் பதினாலு வயது தாண்டிய பிள்ளைகளின் அம்மாக்கள் "பசங்களோட சேந்தா?" என்று இழுத்தார்கள். உடம்பு படாத ஆட்டம் என்று ஆடிக் காட்டிய பிறகுதான் பாதிப் பேர் சம்மதித்தார்கள்.

நடுவரில்லாத கால்பந்து

நாலாவது, படித்துத் தெரிந்துகொண்டது. 1994 உலகக் கோப்பையில் சேம்சைடு கோல் போட்ட கொலம்பியா வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய சில நாளில் மெதயீன் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஊரில் பிறகு, சண்டைக் கும்பல்களில் இருந்த இளைஞர்களை வைத்து வேறு மாதிரிக் கால்பந்து ஒன்றைத் தொடங்கினார்கள். அணியில் பெண்கள் இருக்க வேண்டும், முதல் கோலைப் பெண்தான் அடிக்க வேண்டும், நடுவர் கிடையாது. ஆட்டத்துக்கு முன்னால் இரு அணியும் உட்கார்ந்து விதிகளைப் பேசி ஒத்துக்கொள்ளும். ஆடி முடித்ததும் மறுபடி உட்கார்ந்து, யார் சொன்னபடி நடந்தார்கள் என்று பேசி அதற்கும் புள்ளி கொடுக்கும். இதுதான் ஃபுட்பால் 3 என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது.

ஃபிரிஸ்பீயில் நான் நோட்டு வைத்து எண்ணிய குறைக்கு மருந்து இந்த முதல் கோல் விதியில் இருக்கிறது. பெண்ணுக்குப் பாஸ் கொடுக்காவிட்டால் கணக்கே தொடங்காது. கூட்டத்தில் ஒருவர், "இது சலுகை மாதிரி ஆயிடுமே" என்றார். நியாயமான சந்தேகம். முதல் கோல் விழும்வரை அவளைத் தேடித் தேடிப் பாஸ் கொடுத்துவிட்டு, அப்புறம் மறந்துவிடலாம். ஆனால் பந்து காலுக்கே வராமல் ஆட்டம் எப்படிப் பழகுவது?

கால்பந்தில் தமிழ்நாட்டுப் பெண்களுக்குப் பாதையும் உண்டு. மாநில அணி 2018இல் மணிப்பூரைத் தோற்கடித்துத் தேசிய சாம்பியன் ஆனது. மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. ஆனால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் கோல்போஸ்ட் இருக்கிற மைதானத்துக்கே இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் கால்பந்தை விட்டோம், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் வட்டமாக உட்கார்ந்து பேசுவதை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதற்குப் பைசா செலவில்லை.

எல்லா வழியும் முட்டிய இடம்

எந்த ஆட்டம் என்று இரண்டு மாதம் பேசிய நாங்கள், எந்த நேரம் என்று கேட்டதும் ஐந்து நிமிடத்தில் சண்டை போட்டுக்கொண்டோம். மாலை ஐந்து முதல் ஆறரை வரை கிரவுண்டு ஆண்கள் அணியுடையது. யாரும் எழுதி வைத்ததில்லை, இருபது வருடப் பழக்கம். "பொண்ணுங்களுக்குக் காலையில குடுங்க" என்றார்கள். காலையில் தண்ணீர் பிடிப்பது, தம்பி தங்கையைக் கிளப்புவது, டியூஷன். "அப்ப ஆறரைக்கு மேல?" இருட்டில் குளக்கரை வழியாக எந்த வீட்டில் அனுப்புவார்கள்? பள்ளிக்கூடம் விட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டியவர்களுக்கு ஒரு நாளில் கிடைப்பதே அந்த ஒன்றரை மணி நேரம்தான். எட்டு மணிக்கும் தெருவில் நிற்க முடிகிறவர்கள் அதைப் பிடித்து வைத்திருந்தோம். நானும்தான், பதினெட்டு வருடமாக.

1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக், கெர் லேடீஸ் என்ற பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53 ஆயிரம் பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. பெண்கள் ஆடக் கூடாது என்று உத்தரவு போட அதற்கு அவசியமே இருக்கவில்லை. தன் உறுப்பினர் கழகங்கள் பெண்கள் ஆட்டத்துக்கு மைதானம் கொடுக்கக் கூடாது என்றது, அவ்வளவுதான். அந்தக் கதவு மறுபடி திறக்க ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆனது. இதைக் கூட்டத்தில் சொன்னபோது எங்கள் தலைவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

கழிப்பறையும் இதே கணக்குத்தான். கிரவுண்டை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் நல்ல கழிப்பறை இருக்கிறது, பள்ளி விட்டதும் பூட்டிவிடுவார்கள். ஆண்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தோன்றியதில்லை, வாய்க்கால் மேடு இருக்கிறது. மாதத்தில் நாலு நாள் வராமல் இருந்து, அப்புறம் எட்டு நாளாகி, பிறகு நின்றேபோகும் பிள்ளைகளுக்கு ஆட்டம் பிடிக்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசினோம். மாற்றுச் சாவி ஒன்று அக்காவிடம் இருக்கும் என்று ஏற்பாடு. சாவி வெட்ட 60 ரூபாய், சுத்தம் செய்யும் அம்மாவுக்கு மாதம் கொஞ்சம் கழகத்திலிருந்து.

எங்கள் முடிவு இது. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து மணி கிரவுண்டு பெண்கள் கபடிக்கு. ஆண்கள் ஆறரைக்கு மேல் விளக்கு வெளிச்சத்தில். பன்னிரண்டு வயதுக்குள் எல்லோரும் சேர்ந்து சனிக்கிழமை. ஞாயிறு காலை தட்டு, விருப்பமுள்ளவர்களுக்கு, முதல் புள்ளியைப் பெண் எடுக்க வேண்டும் என்ற எங்கள் சொந்த விதியோடு. உங்கள் ஊரில் கபடிக்குப் பதில் ஹாக்கியோ வளையப்பந்தோ வேரூன்றி இருந்தால் அதை வையுங்கள். பிடித்துக் காட்ட ஓர் அக்கா கிடைக்கவில்லை என்றால் கபடியைத் தொடங்காதீர்கள், வளையப்பந்துக்குப் போங்கள். நேரத்தை மாற்ற உங்கள் ஆண்கள் அணி ஒத்துக்கொள்ளாவிட்டால் நாலு வழியில் எதை எடுத்தாலும் எங்கள் வாலிபால் பதிவேடு மாதிரிதான் முடியும்.

62 ஆயிரத்தில் அக்காவுக்கு மாதம் நாலாயிரம் வீதம் பத்து மாதத்துக்கு 40 ஆயிரம் எடுத்து வைத்தோம். பணம் வேண்டாம் என்றார். வாங்காவிட்டால் அடுத்த வருடம் இன்னொருவரைக் கேட்க எங்களுக்கு வாய் வராது என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தோம். விளக்குக்கும் ஒயருக்கும் 9,000. முழங்கால் பட்டை, டைட்ஸ், டி-ஷர்ட் என்று 7,000. நாலு தட்டுக்கு 3,600. மீதியை மாவட்டப் போட்டிக்குப் போக பஸ் செலவுக்கு வைத்திருக்கிறோம்.

முதல் திங்கட்கிழமை பழக்க தோஷத்தில் ஐந்து மணிக்கே வந்துவிட்ட மூன்று பேர் சுவரில் ஏறி உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டு பார்த்தார்கள். அதில் ஒருவன் வாலிபால் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வெல்டிங் கடைக்காரரோடு திரும்பி வந்தான். இரண்டாவது கொக்கிக்கு 180 ரூபாய். கணக்கு நோட்டில் இதரச் செலவில் ஏற்றியிருக்கிறேன்.